சமக்குறி

பத்தாம் வகுப்பில் இதற்கு ஒரு மதிப்பெண்.
ஹர்ட், இன்ஜூரி, வூண்ட், ஹார்ம்:
நடுவில் எல்லாம் சமக்குறி போட்டு
காவேரிப்பட்டணம் பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி
மனப்பாடம் செய்தேன்,
அடுத்த நிறுத்தத்துக்குள் எட்டுச் சொல்.

இப்போது வேப்பனப்பள்ளியில் இரவுப் பணி.
விபத்துப் பதிவேட்டுக்குத் தமிழ் புரியாது.

அப்ரேஷன் என்று எழுதினால்
சொரசொரத்த தரை சாட்சிக்கு வரும்.
இன்சைஸ்டு என்றால் கூரான ஏதோ ஒன்று
யாருடைய கையிலோ இருந்திருக்கிறது.
லாசரேஷன் என்றால் கட்டை, கல், சுவரின் முனை.
வீட்டில் பேசும்போது
எல்லாவற்றுக்கும் காயம் என்று சொல்லித்
துணியைச் சுற்றிவிடுவோம்.
உடம்புக்கும் அதே பெயரை வைத்தவர்கள்தானே நாம்.

'சொன்னார்' என்று எழுத இங்கே வழியில்லை.
செட் கூடாது, டோல்டு கூடாது,
ஸ்டேட்டடு கூடக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம்.
அலெஜ்டு.
நீ சொல்கிறாய், நான் கேட்டுக்கொண்டேன்,
நம்பினேன் என்று எங்கும் சொல்லவில்லை:
அத்தனையும் நாலு எழுத்தில்.
போன வாரம் தெருநாய் கடித்த பையன்,
ஆடுசதையில் பல் பல்லாகத் தடம்,
அவனும் அலெஜ்டுதான்.
நாய்க்கு யாரோ வக்கீல் வைத்தது போல.

பதினொன்றே முக்காலுக்கு முனிரத்னம்மா வந்தாள்.
வயது முப்பத்தொன்று என்று நஸ்ரீன் சிஸ்டர் எழுதினார்.
நகத்தில் மல்பெரி இலையின் கறை,
புருவத்துக்கு மேல் பிளவு.
கூட வந்தவன் வாசலில்
பைக்கை விட்டு இறங்கவில்லை.

"பாத்ரூம்லோ பட்டானு."

தெலுங்கில் அது, விழுந்தேன்.
எனக்கு வந்து சேர்ந்தது, பட்டேன்.
அந்த ட அவள் வாயில் இன்னும் கொஞ்சம் மெத்து,
அவ்வளவுதான் வித்தியாசம்.

இடது கையின் மேற்புறம் வரிசையாக நான்கு கன்றல்,
எதிர்ப்புறம் ஒன்று, கட்டை விரல் அகலம்.
முழங்கைக்குக் கீழே பச்சையாக ஒன்று.
தோள்பட்டையில் மஞ்சள்,
பெட்டியில் அடிபட்டு வரும் மாம்பழத்தின் மஞ்சள்.
வழுக்கியது பாத்ரூம்தான் என்றால்
பத்து நாளாக அது வழுக்கிக்கொண்டிருக்கிறது.

நான் வினைச்சொல் தேடினேன்.
ஸ்லிப்டு என்றால் ஈரத்தின் குற்றம்.
ட்ரிப்டு, வாசற்படியின் குற்றம்.
ஸ்டம்பிள்டு, அவள் காலின் குற்றம்.
ஃபெல் என்றால் யாரும் இல்லை, பூமி இழுத்தது.
இன்னொரு சொல் இருக்கிறது,
ஆனால் அதற்கு எழுவாய் வேண்டும்.
அவள் தரவில்லை.
மூன்று முறை கேட்டேன், ஒருமுறை கதவைச் சாத்திவிட்டு.
வெளியே பைக் உறுமி அடங்கியது.

அலெஜ்டு ஃபால், எழுதினேன்.
கீழே ஸ்கேல் வைத்து அளந்து
ஒன்று முதல் ஏழு வரை,
சென்டிமீட்டரோடு, நிறத்தோடு,
விரல்களுக்கு நடுவே விடும் இடைவெளியோடு எழுதினேன்.
காவல் நிலையத்துக்குத் தகவல் என்ற கட்டத்தில்
டிக் அடித்தேன். பேனா முதலில் எழுதவில்லை.

"ஏமி ராசினாரு?" என்றாள்.
மீரு செப்பினதி, என்றேன் என் ஓட்டைத் தெலுங்கில்.
செப்பு என்பதை நாங்கள் செய்யுளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம்.
அவள் அதில்தான் பால்காரனிடம் கணக்குப் பேசுவாள்.
நீ சொல்லாததையும், என்று சொல்ல
எனக்குத் தெலுங்கு போதவில்லை.

கடைசிக் கட்டம்: அங்க அடையாளம், இரண்டு.
கழுத்தில் மச்சம்.
இன்னொன்று? தாடையைத் தூக்கிக் காட்டினாள்,
பழைய தழும்பு, பிறை மாதிரி.
"சின்னப்புடு, உய்யாலநிஞ்சி பட்டானு."
சொல்லும்போதே சிரித்துவிட்டாள்,
தையல் போட்ட புருவம் இழுத்து
உடனே ஸ்ஸ் என்றாள்.

இந்த முறை அது
விழுந்தேன் என்றே கேட்டது.
தழும்பு, தாடை, என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்தில் அலெஜ்டு கிடையாது.